வேலை நாளில் தியானச் செயலி: எங்கே பொருத்துவது, எப்படிப் பயன்படுத்துவது

தியானச் செயலியை இறக்கிவைக்கிற பலர் அதை ஒரு மாதம்கூடத் திறப்பதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, மனநலம் சார்ந்த 93 ஆண்ட்ராய்டு செயலிகளின் பயன்பாட்டை எடுத்துப் பார்த்தது. முப்பதாவது நாளும் செயலியைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு "நமக்கெல்லாம் தியானம் வராது" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று வைத்துக்கொள்கிறோம், வேலைக்குப் போகிறவருக்கு நேரம் தானாகக் கிடைப்பதே இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

அதனால் எந்த ஆப் நல்லது என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் நாளில் அது எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். கடிகார நேரத்தை நம்பாதீர்கள். பதினொரு மணிக்கு அலாரம் வைத்தால் பதினொரு மணிக்கு மீட்டிங் இருக்கும், ஒரு விரலால் தள்ளிவிடுவீர்கள், ஒரு வாரத்தில் அந்த அலாரம் அடிப்பதே காதில் விழாது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு அதை முடிச்சுப் போடுங்கள். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கிறவர் என்றால், கார்டைத் தேய்த்து உள்ளே போய் இருக்கையில் உட்கார்ந்த பிறகு, லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் மூன்று நிமிடம். வங்கிக் கவுன்டரில் இருப்பவர் என்றால் மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி கவுன்டருக்கு வருவதற்கு முன்னால். ஆசிரியர் என்றால் ஸ்டாஃப் ரூமில் ஓய்வுப் பாடவேளையின் முதல் மூன்று நிமிடம், விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன். அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நல்ல நேரம், போகும்போதும் வரும்போதும்.

ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளைக்கும் திட்டம் போடுகிறவர்கள்தான் சீக்கிரம் விடுகிறார்கள். என்னைக் கேட்டால் லேப்டாப்புக்கு முந்தைய மூன்று நிமிடத்தைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதற்கு அப்புறம் அந்த நாள் உங்கள் கையில் இருப்பதில்லை.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பைக் ஓட்டும்போதோ கார் ஓட்டும்போதோ எந்த வழிகாட்டுதல் தியானத்தையும் போடாதீர்கள். கண்ணைத் திறந்துதானே இருக்கிறோம் என்ற சமாதானம் வேண்டாம். கவனத்தை உள்ளே திருப்பச் சொல்கிற குரல் அது, சாலைக்கு ஆகாது.

எதை இறக்குவது

பெரிய பெயர்கள் இரண்டு. ஹெட்ஸ்பேஸ் 2010இல் லண்டனில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி புட்டிகோம்ப் முன்பு பௌத்தத் துறவியாக இருந்தவர். அடிப்படையிலிருந்து படிப்படியாகக் கற்றுக்கொள்ள அது வசதி. இன்னொன்று காம் (Calm), தூக்கத்துக்கான கதைகளுக்குப் பேர்போனது. இரண்டிலும் பெரும்பகுதி சந்தா கட்டினால்தான் திறக்கும். காசு கொடுக்காமல் தொடங்க வேண்டுமென்றால் மெடிடோ இருக்கிறது, லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவது, விளம்பரமும் கிடையாது. ஹெல்தி மைண்ட்ஸ் ப்ரோகிராம் என்று ஒன்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூளையையும் தியானத்தையும் பல ஆண்டுகளாக ஆராயும் ரிச்சர்ட் டேவிட்சனின் குழுவோடு தொடர்புடையது, அதுவும் இலவசம். அதில் எனக்குப் பிடித்த அம்சம், பல பயிற்சிகளை உட்கார்ந்தும் செய்யலாம், நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோவும் செய்யலாம். இன்சைட் டைமரில் ஏராளமான பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மணியோசையோடு ஒரு நல்ல டைமரும் உண்டு. தமிழில் வேண்டுமென்றால், ஈஷா 2025இல் வெளியிட்ட மிராக்கிள் ஆஃப் மைண்ட் செயலியைப் பார்க்கலாம்.

மனவளக்கலை மன்றத்திலோ வேறெங்கோ முன்பே முறையாகக் கற்றவர்களுக்கு இந்த வழிகாட்டுதல் எதுவும் தேவையில்லை. டைமர் போதும், தெரிந்ததையே தொடருங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது அம்சங்களின் பட்டியலைப் பார்க்காதீர்கள், குரலைக் கேளுங்கள். கோபமாகவோ பதற்றமாகவோ இருக்கும் நேரத்தில் அந்தக் குரலைச் சகிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் நாள் முழுக்கப் பேசி வேலை செய்கிறவர்களுக்குக்கூட, மனசு கொதிக்கும்போது அந்நிய உச்சரிப்பில் வரும் சொற்களைப் பிடித்துக்கொள்வது இன்னொரு வேலையாகிவிடும். அப்படி உணர்ந்தால் ஒரு எளிய வழி இருக்கிறது: உங்கள் போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது நிதானமாகப் பேசும் அக்காவையோ நண்பரையோ பேசச் சொல்லுங்கள். இவ்வளவு போதும்:

"இரண்டு பாதமும் தரையில் படட்டும். தோளைத் தளர விடு. பல்லைக் கடித்திருந்தால் விட்டுவிடு. நாலு எண்ணும்வரை மூச்சை இழு. ஆறு எண்ணும்வரை வெளியே விடு. மனசு எங்கேயாவது போயிருந்தால் பரவாயில்லை, அடுத்த மூச்சுக்கு வா."

ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நன்றாக இடைவெளி விட வேண்டும், பேசுகிறவருக்கு ரொம்ப நீளமாகத் தோன்றுகிற அளவுக்கு. கடைசி மூன்று வரிகளை நாலைந்து தடவை திருப்பிச் சொன்னால் மூன்று நிமிடம் ஆகிவிடும்.

அந்த மூன்று நிமிடத்தில் நடப்பது

மாலை நாலரை மணி. கிளையண்ட் ஒரு எஸ்கலேஷன் மெயில் போட்டிருக்கிறார், உங்கள் மேனேஜரும் அவருக்கு மேலே இருப்பவரும் சிசியில். தவறு உங்கள் டீமுடையதுகூட இல்லை. தாடை இறுகுகிறது, காது சூடாகிறது, விரல் ரிப்ளை ஆல் மேல் போய் நிற்கிறது. செயலி பயன்பட வேண்டிய இடம் இதுதான், ஆனால் இந்த நேரத்தில் செயலிக்குள் போய்த் தேட முடியாது. அதனால் சாதாரணமான ஒரு நாளிலேயே, மூன்று நிமிடத்துக்கு மிகாத ஒரு பயிற்சியைப் பிடித்தவை பட்டியலில் போட்டு வைத்துவிடுங்கள். பல செயலிகளில் இப்படிப்பட்ட அவசரத்துக்கென்றே சிறு பதிவுகள் உண்டு.

இப்போது திரையைப் பூட்டுங்கள். ஹெட்செட் ஏற்கெனவே கழுத்தில் இருக்கிறது, மாட்டினால் நீங்கள் போன் காலில் இருப்பதாகத்தான் பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பார். கண்ணை மூடக் கூச்சமாக இருந்தால் மூடவே வேண்டாம், மேசை விளிம்பிலோ தண்ணீர் பாட்டிலிலோ பார்வையை நிறுத்துங்கள். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலையால் கொஞ்சம் மெதுவாகும். உடம்பின் இயல்பான ஏற்பாடு இது. அதனால்தான் இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்கிறார்கள். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும்.

முதல் நிமிடம் மோசமாகத்தான் இருக்கும். மனசு அந்த மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்கும், அதுவும் அட்டகாசமான பதில்களாக. அதை நிறுத்த முயலாதீர்கள். போயிருக்கிறது என்று தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள், மறுபடி போகும், மறுபடி திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சி. இருபது தடவை திரும்பியிருந்தால் இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு. மூன்று நிமிடம் முடியும்போது கோபம் போயிருக்காது, ஆனால் தாடை தளர்ந்திருக்கும், மெயிலை மறுபடி படிக்கும்போது முதலில் கண்ணில் படாத ஒரு வரி படும், "விவரம் சேகரித்து ஆறு மணிக்குள் அனுப்புகிறேன்" என்று ஒற்றை வரியில் பதில் போடத் தோன்றும். வேலை நாளில் இதைவிடப் பெரிய பலன் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

போனில் மாற்ற வேண்டியவை

செயலியை இறக்கியதும் அதன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். தொடர்ந்து இத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதியை மறைக்க முடிந்தால் அதையும் மறையுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் எண்ணிக்கை சுழியத்துக்குப் போகும், அதைப் பார்த்து அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பயிற்சியைத் தொடங்கும்போது தொந்தரவு செய்யாதே முறையைப் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் டீம்ஸ் சத்தம் கேட்கும். தேவையான இரண்டு மூன்று பதிவுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், லிஃப்டிலும் பேஸ்மென்ட்டிலும் நெட்வொர்க் காலை வாரும்.

இலவச சோதனைக் காலத்துக்கு கார்டு கொடுத்தால், கொடுத்த அன்றைக்கே பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் போய் ரத்து செய்துவிடலாம், பெரும்பாலும் சோதனைக் காலம் முடியும்வரை செயலி வேலை செய்யும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் இருக்கும். செயலியை அழித்தால் சந்தா நிற்காது, இது பலருக்குத் தெரிவதில்லை. யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் உங்கள் பேமென்ட் ஆப்பிலும் பார்த்துவிடுங்கள்.

மனநிலையைப் பதிவு செய்யச் சொல்லும் பகுதியில் கவனம் தேவை. 2022இல் மொசில்லா அறக்கட்டளை மனநலச் செயலிகளும் பிரார்த்தனைச் செயலிகளுமாக 32ஐ ஆராய்ந்து, அவற்றில் 28க்குத் தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது. மூச்சுப் பயிற்சிக்கு உங்கள் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் கணக்கு என்றால், எச்ஆருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பதில் தவறில்லை. மேனேஜர் பெயரைப் போட்டுப் புலம்ப வேண்டுமென்றால் வீட்டில் ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் தூக்கத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள், பதிவை ஓடவிட்டு ஸ்லீப் டைமர் போட்டு போனைக் குப்புறக் கவிழ்த்துக் கையெட்டாத தூரத்தில் வையுங்கள். கையிலேயே வைத்திருந்தால் வாட்ஸ்அப்பில் ஆபீஸ் குரூப்பைத் திறந்துவிடுவோம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மருத்துவ உலகில் பேசப்படும் தியானப் பயிற்சி பெரும்பாலும் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஜின் தொடங்கியதன் வழி வந்தது. எட்டு வாரம், ஆசிரியர் முன்னால், வீட்டிலும் தினசரி பயிற்சி. 2022இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த எட்டு வாரப் பயிற்சி எஸ்சிடாலோபிராம் என்ற மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அந்தப் பலனை மூன்று நிமிடச் செயலிப் பயிற்சியிடம் எதிர்பார்க்கக் கூடாது, மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. மூன்று நிமிடம் பழகியபின் வார இறுதியில் ஒருநாள் வீட்டில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஆழம் அங்கேதான் கிடைக்கும்.

சிலருக்குக் கண்ணை மூடினால் பதற்றம் கூடும், பழைய வலிகள் மேலே வரும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்வதே பாரம் என்று தோன்றுகிறது என்றால் செயலியை ஓரமாக வைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

அப்புறம் வேலைப்பளு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவதை, வேலை சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது, தனிமனிதரின் நோயாக அதை வகைப்படுத்தவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார் என்றால் எத்தனை மூச்சு எண்ணினாலும் அந்தக் கணக்கு மாறாது. இரண்டு வாரம் எத்தனை மணிக்கு லாகின், எத்தனை மணிக்கு லாக்அவுட், எந்தெந்த வேலை என்று குறித்து வைத்து மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு முன்னால் மூன்று நிமிடம் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், குரல் நடுங்காமல் எண்களைச் சொல்ல அது உதவும்.

சில மாதம் பழகியபின், வழிகாட்டும் குரலை விட்டுவிட்டு டைமரை மட்டும் வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். சிரமமில்லாமல் போனால் சந்தா புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் அதை நிறுத்திவிடலாம். சிரமமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அந்தக் குரலோடேயே இருங்கள்.