வேல்ஸ் அணிநடை மெட்டை அக்கார்டியனில் நடனத்துக்கு வாசிக்கும் முறை

வேல்ஸ் அணிநடை (மார்ச்) மெட்டுகளுள் முதலில் பழக வேண்டியது, 1794-இல் ஹார்ப் கலைஞர் எட்வர்ட் ஜோன்ஸின் தொகுப்பில் அச்சேறிய 'ஹார்லெக் வீரர்கள்' மெட்டே என்பேன். அதன் தொடக்கச் சுரம் ஒன்றரைத் தாள அடியும் அடுத்தது அரை அடியுமாக வருவதால், அந்த அரை அடியை நீட்டினால் நடையின் மிடுக்கே போய்விடும். ஆகவே காலால் தாளம் தட்டியபடி, வலக்கையால் மட்டும் மெதுவாகப் பலமுறை வாசியுங்கள்.

பிறகு இடக்கையைச் சேருங்கள். ஜி மேஜர் கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும் இடங்களில் முதல் அடிக்கு ஜி பேஸ் (தாழ்சுரப் பொத்தான்), மூன்றாம் அடிக்கு அதற்கு மேலுள்ள டி பேஸ், இரண்டாம் நான்காம் அடிகளுக்கு ஜி மேஜர் கார்டு. கார்டு பொத்தானைத் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும். அழுத்திப் பிடித்தால் தாளம் மங்கி, ஆடுபவரின் கால் தடுமாறும்.

துருத்தியின் திசையை இசைவரியின் நடுவில் மாற்றாமல், அதன் முடிவில் மாற்றுங்கள். 32 பார் (தாளச் சுற்று) ஆடலுக்கு, 8 பார் கொண்ட இரு பகுதிகளுள்ள மெட்டைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இருமுறை வாசியுங்கள்.