விளையாட்டு சர்வருக்குக் கணினி வாங்குகிறீர்களா? கோர்களை எண்ணாதீர்கள்

என் அக்கா மகனும் அவன் நண்பர்கள் ஏழு பேரும் சேர்ந்து விளையாட மைன்கிராஃப்ட் சர்வர் (எல்லோரும் இணையும் ஆட்ட உலகத்தை நடத்தும் கணினி) ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். அதற்காக முதலில் வாங்கியது, அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட, 16 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்ட இயந்திரம். வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், ரேம் 64 ஜிபி. பிள்ளைகள் ஆறு பேர் உள்ளே நுழைந்ததுமே ஆட்டம் திக்கியது. உடைத்த கல் மீண்டும் முளைத்தது. கதவு திறக்க ஒரு நொடி ஆனது. பார்த்தால் ஒரே ஒரு கோர் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது, மற்றவை பெரும்பாலும் சும்மா இருந்தன.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் சர்வர் நொடிக்கு 20 டிக் (ஆட்ட உலகத்தை ஒரு படி முன்னே நகர்த்தும் சுற்று) ஓடுகிறது. அதாவது ஒரு டிக்கின் வேலையை 50 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். விலங்குகளின் நடமாட்டம், பயிர் வளர்ச்சி, ரெட்ஸ்டோன் (ஆட்டத்துக்குள் இருக்கும் மின்சுற்று) எல்லாம் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓடும் வேலை வரிசை), ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. புதிய நிலப்பரப்பை உருவாக்குவது போன்ற வேலைகளுக்குத்தான் மற்ற கோர்கள் உதவும். அதனால் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள். கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்; பழைய தலைமுறைச் செயலியின் 4 கிகாஹெர்ட்ஸும் புதியதன் 4 கிகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல. வேகச் சோதனைகள் தரும் ‘சிங்கிள் த்ரெட்’ மதிப்பெண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள். நான் மாறியது நான்கே கோர்கள் கொண்ட சாதாரண மேசைக் கணினிக்கு. திக்கல் அன்றோடு நின்றது.

ரேமிலும் இதே ஆசைதான் நம்மை ஏமாற்றும். மோட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் நிரல்) எதுவும் இல்லாமல் எட்டுப் பேர் விளையாட ஜாவாவுக்கு (சர்வர் நிரலை இயக்கும் மென்பொருள்) 4 ஜிபி ஒதுக்கினால் போதும். மோட்கள் நிறைய இருந்தால் 6 முதல் 8 வரை. கையில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்தால், ஜாவா நினைவகக் குப்பையை (இனித் தேவைப்படாத தரவை) அகற்றும்போது ஆட்டம் நெடுநேரம் உறைந்து நிற்கக்கூடும். இயங்குதளத்துக்கும் ஒன்றிரண்டு ஜிபி மீதி வையுங்கள். ஆக, மோட் இல்லையென்றால் 8 ஜிபி கணினியே தாங்கும், மோட்களுக்கும் 16 தாராளம்.

வட்டு எஸ்எஸ்டியாகத்தான் (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) இருக்க வேண்டும். எட்டுப் பேர் எட்டுத் திசையில் ஓடினால் உலகத்தின் துண்டுகளை ஒரே நேரத்தில் படித்து எழுத வேண்டியிருக்கும். சுழலும் வட்டு அங்கே திணறிவிடும். கிராபிக்ஸ் அட்டைக்குச் செலவழிக்காதீர்கள், சர்வர் எந்தப் படத்தையும் வரைவதில்லை. வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள்.

இயங்குதளம் என்றால் நான் டெபியன் என்ற இலவச லினக்ஸைத்தான் சொல்வேன், அதுவும் டெஸ்க்டாப் (படங்களும் சாளரங்களும் காட்டும் திரை) இல்லாமல். சில நூறு எம்பி ரேமிலேயே அடங்கிவிடுகிறது. ஆட்டத்தின் நடுவில் தானாக மறுதொடக்கம் ஆகி யாரையும் வெளியே தள்ளுவதில்லை. எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிடும் வழி) வழியாக எங்கிருந்தும் கவனித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: மைன்கிராஃப்ட் 1.20.5 முதல் குறைந்தது ஜாவா 21 தேவை, 26.1 முதல் ஜாவா 25. டெபியன் 12-இன் களஞ்சியத்தில் (நிரல்களை நிறுவ எடுக்கும் தொகுப்பில்) இருப்பது ஜாவா 17. டெபியன் 13 போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எதை வாங்குவதற்கும் முன்பு, உங்கள் விளையாட்டின் சர்வர் நிரல் எந்த இயங்குதளத்துக்கு வெளியாகியிருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சில விளையாட்டுகளுக்கு விண்டோஸ் நிரல் மட்டுமே உண்டு. அங்கே விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் பலகை (கைப்பேசி வகைச் செயலி கொண்ட சிறு கணினி) வாங்க நினைப்பவர்கள் இரண்டு முறை பாருங்கள். மைன்கிராஃப்ட் பெட்ராக் பதிப்பின் அதிகாரபூர்வ சர்வர், வால்ஹைம் சர்வர் இரண்டும் எக்ஸ்86 செயலிகளுக்கானவை (இன்டெல், ஏஎம்டி வகை).

எல்லாம் முடிந்ததும் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) போய், மின்சாரம் திரும்பினால் கணினி தானே உயிர்பெறும்படி மாற்றிவிடுங்கள். சர்வரை சிஸ்டம்டி (லினக்ஸ் தொடங்கும்போது நிரல்களைத் தானே இயக்கும் பகுதி) சேவையாகப் பதிவுசெய்தால் அதுவும் கூடவே எழுந்துகொள்ளும். பிறகு, யாரும் விளையாடாத நேரமாகப் பார்த்து, சர்வரை முறையாக நிறுத்திக் கணினியையும் அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். நீங்கள் எதையும் தொடாமலே பிள்ளைகளால் உள்ளே நுழைய முடிகிறதா என்று கேளுங்கள்.