வலிக்குக் கஞ்சா மருந்தா? மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் வருஷக்கணக்கில் முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களில் இடுப்பு வலி, தோள்பட்டை வலி இல்லாதவர்கள் குறைவு. மாத்திரைக்கு அடங்காத வலியோடு இருப்பவரிடம் 'வெளிநாட்டில் கஞ்சாவையே மருந்தாகக் கொடுக்கிறார்களாம்' என்று யாராவது சொன்னால், மனசு அங்கே போகத்தான் செய்யும். கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நாள்பட்ட வலியில் பலருக்கு அதனால் கிடைக்கும் நிவாரணம் சொற்பம். வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கமே, பொதுவான வலி நிவாரணியாக இதை ஆதரிக்க முடியாது என்று 2021இல் அறிவித்தது.

முதல் தவறு, மலையில் ரகசியமாகக் கைமாறும் பொட்டலத்தை மருந்து என்று நம்புவது. அதில் போதை தரும் டிஎச்சி எவ்வளவு, வேறென்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம், வலிக்காக என்றாலும்தான். கஞ்சா இலையிலிருந்து உரிமத்தோடு தயாரிக்கும் ஆயுர்வேத மருந்துகள் உண்டு. அவற்றையும் மருத்துவர் சீட்டில்லாமல் தொடக்கூடாது.

எனக்கு அதிகம் பயம் தருவது டாக்டரிடம் மறைப்பதுதான். போலீஸ் பயமோ வெட்கமோ, வாயைத் திறப்பதில்லை. இதய வால்வு மாற்றியவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். கஞ்சா சேர்ந்தால் அந்த மாத்திரையின் வேகம் கூடி, ஈறில் ரத்தம் கசியலாம், மலம் கறுத்துப் போகலாம். நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், டிரமடால் எல்லாமே தூக்கத்தை இழுப்பவை. அதோடு இதுவும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கவும் செய்யும். எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) ராத்திரி எழுந்து, பனியில் நனைந்த படியிறங்கி வெளியே கழிப்பறைக்குப் போகும் பாட்டிக்கு இது என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் பழைய வலியே தேவலை என்றாகிவிடும்.

லேகியமாகவோ உருண்டையாகவோ சாப்பிடுபவர்கள் செய்வது வேறொன்று. 'அரை மணி நேரமாச்சு, ஒன்றும் பிடிக்கவில்லை' என்று இன்னொரு உருண்டை. வயிறு வழியாகப் போனால் வேலை செய்ய 2 மணி நேரம்கூட ஆகலாம். இரண்டும் சேர்ந்து ஏறும்போது படபடப்பு, பயம், குழப்பம் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி அல்லது இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் கிட்டேயே போகக்கூடாது. இது துடிப்பை வேகப்படுத்தும். தனக்கோ பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ மனச்சிதைவு இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இளவயதினருக்கும் அப்படியே. ஆஸ்துமாக்காரர்களுக்குப் புகையே எதிரி.

பிக்கப் ஓட்டும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். போதை தெளிந்துவிட்டது என்று தோன்றும்போதும் கவனமும் கால் வேகமும் முழுதாகத் திரும்பியிருக்காது.

அப்புறம், இதை ஆரம்பித்த கையோடு பழைய மாத்திரையைத் திடீரென நிறுத்துபவர்கள் உண்டு. ப்ரீகாபலினை அப்படி நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரலாம். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து தருபவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அளவையே மாற்ற வேண்டியிருக்கும். தினமும் பழகியவருக்கு ஓயாத வாந்தி வந்தால் அது அல்சராகத்தான் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள், கஞ்சாவே அதைக் கொண்டுவரும்.

முதுகு வலியோடு காய்ச்சல் வந்தாலோ, கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ எதைக் கொண்டும் வலியை அமுக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிட்டது எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.