பாம்பாஸ் புல் வளக்கணுமா? மொதல்ல எடத்த முடிவு பண்ணுங்க

தாமிரவரணிக் கரைல வெள்ளை வெள்ளையா பூத்து ஆடுதே, அது நாணல். அதத்தான் நெறைய பேரு பாம்பாஸ்னு நெனச்சுக்கிடுதாவ. பாம்பாஸ் தென் அமெரிக்காக்காரன், அர்ஜென்டினா பக்கம், செடிப் பேரு கார்ட்டடீரியா செல்லோவானா. நல்லா வந்துச்சுன்னா 2, 3 மீட்டர் வரை போயிரும்.

ஸ்டெப் 1: எடம்

முக்கால்வாசி வேலை இதுலதான் இருக்கு. இலை ஓரம் பூரா பொடிப்பொடியா பல்லு, கண்ணுக்குத் தெரியாது, ஆனா சும்மா கையால ஒரு உருவு உருவுனா கோடு போட்ட மாதிரி ரத்தம் வரும். அதனால வாசப்படி, துணி காயப்போடுத கொடி, பிள்ளைய விளையாடுத எடம் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். புறவாசல்ல நாள் பூரா வெயில் அடிக்க மூலையா பாருங்க, காம்பவுண்டு செவுத்துலேருந்து 4, 5 அடி தள்ளி. ரெண்டு வருசம் கழிச்சு மாத்தி வைக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, கடப்பாரை போட்டாலும் லேசுல அசையாது.

ஸ்டெப் 2: கன்னு

விதை வாங்காதீங்க, பூக்க ரெண்டு மூணு வருசம் ஆகும், எப்படிப் பூக்கும்னும் சொல்ல முடியாது. ஆன்லைன்ல நீலக் கலர் பாம்பாஸ் விதைன்னு போடுதான், அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது, அது சாயம். நர்சரில பூத்து நிக்க தூரைக் காட்டச் சொல்லி, பூ நல்லா பஞ்சு மாதிரி அடர்த்தியா இருந்தா (அது பொம்பளச் செடி) அதுலேருந்து வேரோட பிரிச்ச பக்கக்கன்னு கேளுங்க.

ஸ்டெப் 3: நடுறது

ஆடிக் காத்துல நடாதீங்க, நம்மூர் காத்து கன்ன ஆட்டி ஆட்டியே காயவச்சிரும். ஐப்பசி மழை ஆரம்பிச்ச பொறவு வைங்க. ஒண்ணரை அடிக் குழி தோண்டி தண்ணி ஊத்திப் பாருங்க, ரெண்டு மூணு மணி நேரத்துல வத்திட்டா சரி. கரிசல் மண்ணுன்னா தண்ணி அப்படியே நிக்கும், அங்க செம்மண்ணும் மக்கின எருவும் போட்டு மேடு கட்டி அது மேல வைங்க. ரெண்டு கன்னு வச்சா நடுவுல 6 அடியாவது விடணும்.

மொத வருசம் தண்ணி ஒழுங்கா வேணும். அப்புறம் அதுவே பாத்துக்கிடும்.

ஸ்டெப் 4: வெட்டுறது

மாசில வெட்டுங்க. மொதல்ல ஒரு நீளக் கம்பால தூரை நல்லாத் தட்டுங்க, உள்ள பாம்பு பதுங்க தோதான எடம். முழுக்கை சட்டை, தோல் கிளவுஸ் போட்டு, சணல் கயிறால கத்தையா இறுக்கிக் கட்டிட்டு பன்னருவாளால ஒரு அடி, ஒண்ணரை அடி விட்டு அறுங்க. தீபாவளிக்கு முன்னாடியும் காஞ்ச சருக மட்டும் உருவிருங்க, ஒரு ராக்கெட் வந்து விழுந்தா ஓலைக் கூரை மாதிரி பத்திக்கிடும்.

பூவ முழுசா விரிய விடாதீங்க. கலிபோர்னியா, நியூசிலாந்துல எல்லாம் விதை காத்துல பறந்து காடு மேடெல்லாம் பரவி இப்ப புடுங்க முடியாம கெடக்காங்க, நமக்கும் ஆத்தங்கரை பக்கம். பாதி விரிஞ்சப்பவே அறுத்து நெழல்ல ரெண்டு மூணு வாரம் காயப்போட்டு லேசா ஹேர் ஸ்ப்ரே அடிச்சா உதிராது, ஜாடில வருசக்கணக்கா நிக்கும்.