பட்டன் போனில் காற்று பார்ப்பது எப்படி: பணகுடி முதல் உவரி வரை

ராதாபுரம் பக்கம் வாழை போட்டவர், உவரியில் வள்ளம் வைத்திருப்பவர், திசையன்விளை தேரியில் பனை ஏறுபவர் மூவருக்கும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வேண்டிய சேதி ஒன்றுதான். நாளைக்கு எந்தத் திசைக் காற்று, எவ்வளவு வேகம், இடையிடையே எவ்வளவு வீச்சு? இந்த மூன்று எண்ணுக்குப் பெரிய திரை வேண்டாம். 2005-க்கும் 2012-க்கும் இடையில் வந்த பட்டன் போனே போதும். சார்ஜ் நாலு நாள் நிற்கும், ஈரக்கையோடு அமுக்கலாம், கீழே விழுந்தாலும் பதற வேண்டாம்.

முதலில் போன் எந்த வகை என்று பாருங்கள்

நோக்கியா 1100, 1110, 105 போன்றவற்றில் இணையமே கிடையாது. அவற்றுக்கு எஸ்எம்எஸ், அழைப்பு, ரேடியோ இருந்தால் ரேடியோ; அவ்வளவுதான் வழி. அதைக் கடைசியில் சொல்கிறோம். மெனுவில் "வெப்" அல்லது "இன்டர்நெட்", "ஆப்ஸ்" அல்லது "கேம்ஸ்" என்ற இரண்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஜிபிஆர்எஸும் (பழைய 2ஜி இணையம்) ஜாவாவும் (சின்னச் செயலிகளை ஓட்டும் வசதி) உள்ள போன். நோக்கியா 2690, 5130, சி1-01 எல்லாம் இந்த வகை.

அடுத்தது சிம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் பழைய போனில் போட்டால் சிக்னலே வராது. ஏர்டெல், பிஎஸ்என்எல், வோடஃபோன் ஐடியா சிம்களில் ஒன்று வேண்டும். வீட்டில், வயலில், கரையில் எதற்கு டவர் எடுக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். டேட்டா பேக் போட்ட பிறகே இணையத்தைத் திறங்கள். இல்லாவிட்டால் இருப்புப் பணம் கரையும், அல்லது பக்கமே திறக்காது.

ஆக்சஸ் பாயின்ட் போடுவது

ஆக்சஸ் பாயின்ட் என்பது போன் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர். பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள். நோக்கியா எஸ்40 வகைப் போனில் (மேலே சொன்ன 2690, 5130, சி1-01 போன்றவை) வழி இது:

1. மெனு – செட்டிங்ஸ் – கான்ஃபிகரேஷன் – பர்சனல் செட்டிங்ஸ். அதில் "ஆட் நியூ", பிறகு "ஆக்சஸ் பாயின்ட்".
2. கணக்கின் பெயர் என்று கேட்கும் இடத்தில் உங்கள் விருப்பம். "காற்று" என்றுகூடப் போடலாம்.
3. "ஆக்சஸ் பாயின்ட் செட்டிங்ஸ்" உள்ளே "பேரர் செட்டிங்ஸ்", அதனுள் "பாக்கெட் டேட்டா ஆக்சஸ் பாயின்ட்". இங்கே பிஎஸ்என்எல் என்றால் பிஎஸ்என்எல்நெட் என்றும், ஏர்டெல் என்றால் ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம் என்றும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் காலி.
4. சேமித்து "ஆக்டிவேட்" கொடுத்து, போனை ஒருமுறை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

திரையின் மேல் மூலையில் ஆங்கில எழுத்து ஜி அல்லது ஈ வந்தால் வேலை முடிந்தது. ஈ என்பது எட்ஜ். கொஞ்சம் வேகம் கூடுதல். ஜிபிஆர்எஸ் வேகம் ஏட்டில் 171 கிலோபிட் என்று இருக்கும், கையில் கிடைப்பது 30-லிருந்து 50 வரைதான். எழுத்துப் பக்கத்துக்கு அது தாராளம். இன்னொன்று: அழைப்பு வந்தால் டேட்டா அப்படியே நின்றுவிடும். பேசி முடித்ததும் பக்கத்தை மறுபடி எடுங்கள்.

ஓபரா மினி

போனோடு வந்த உலாவியில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது. தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறை அந்த உலாவிக்குத் தெரியாது. ஓபரா மினி இதைச் சுற்றிக்கொண்டு போகிறது: பக்கத்தை ஓபராவின் சர்வர் வாங்கிச் சுருக்கிப் போனுக்கு அனுப்புகிறது. ஜாவா போனுக்கான 'ஜார்' கோப்பை ஓபராவின் சொந்தத் தளத்திலிருந்து கணினியில் இறக்கி, மெமரி கார்டு வழியாகவோ புளூடூத் வழியாகவோ போனுக்கு மாற்றி, அதைத் திறந்தால் நிறுவிக்கொள்ளும். சின்ன போனுக்கு 4.5 போதும். அது இணையாவிட்டால் 7.1, 8 என்று போட்டுப் பாருங்கள்.

நிறுவியதும் மூன்று காரியம் செய்யுங்கள். செயலியின் மேல் நின்று ஆப்ஷன்ஸ் – ஆப்ளிகேஷன் ஆக்சஸ் – கம்யூனிகேஷன் – நெட்வொர்க் ஆக்சஸ் போய் "ஆஸ்க் ஃபர்ஸ்ட் டைம் ஒன்லி" தேர்ந்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் "அனுமதிக்கலாமா" என்று கேட்டு உயிரை வாங்காது. ஓபரா செட்டிங்ஸில் படங்களை நிறுத்திவிட்டு "மொபைல் வியூ" போடுங்கள். மூன்றாவது, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் முகவரிக் கட்டத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, வரும் பட்டியலின் அடியில் "பிட்மேப் ஃபான்ட்ஸ்" என்பதற்கு "யெஸ்" கொடுத்துச் சேமியுங்கள். எழுத்து படமாக வரும். டேட்டா கொஞ்சம் கூடும். எண் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

எந்தப் பக்கம், எந்தப் புள்ளி

படம் ஓடும் தளங்களை மறந்துவிடுங்கள். விண்டி போன்றவை ஓபரா மினியில் வேலைக்காகாது. விண்ட்குரு என்ற காற்றுக் கணிப்புத் தளத்துக்கு 'மைக்ரோ' என்ற வெறும் எழுத்துப் பக்கம் உண்டு. விண்ட்குரு முகவரிக்கு முன்னால் மைக்ரோ, ஒரு புள்ளி சேர்த்தால் வரும். இடப்பெயரைத் தேடியோ, அகலாங்கு நெட்டாங்கு (அட்சரேகை, தீர்க்கரேகை) கொடுத்தோ கேட்கலாம். கேட்கும் விதம் அதன் ஹெல்ப் பக்கத்தில் இருக்கிறது. நம் பக்கத்துக்கான எண்கள்: உவரி 8.28, 77.89, ராதாபுரம் 8.27, 77.68; வள்ளியூர் 8.38, 77.61, திருநெல்வேலி 8.73, 77.70, தென்காசி 8.96, 77.31. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும். நாலு இலக்கம் அடித்து உங்கள் தோட்டத்தையே காட்டினாலும் விடை மாறப்போவதில்லை. காரணம் கீழே.

கிடைத்த பக்கத்தை புக்மார்க் செய்துவிட்டால் மறுநாளிலிருந்து இரண்டு அமுக்கில் காற்று வந்துவிடும்.

எண்ணைப் படிப்பது

முதலில் அலகு. விண்ட்குரு 'நாட்' என்ற கடல் அலகில் தரும். சில தளங்கள் நொடிக்கு மீட்டரில் தரும். வானிலை ஆய்வு மையம் மணிக்குக் கிலோமீட்டரில் சொல்லும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். நொடிக்கு மீட்டர் என்றால் 3.6-ஆல் பெருக்குங்கள். 15 என்று பார்த்துவிட்டு "சும்மா தென்றல்" என்று கிளம்புகிறவர் ஏராளம். அது நாட் என்றால் 28 கிலோமீட்டர், மீட்டர் என்றால் 54.

திசை டிகிரியில் இருந்தால் அது காற்று புறப்படும் பக்கம். 360 என்றால் வடக்கிலிருந்து வரும் வாடை, 90 கிழக்கின் கொண்டல், 180 தெற்கின் சோழகம், 270 மேற்கின் மேக்காற்று. 225-லிருந்து 270 வரை கரைக்காரர்கள் சொல்லும் கச்சான். அம்புக்குறியோ பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தைக் காட்டும். மேக்காற்றுக்கு எண் 270, அம்பு கிழக்கே பார்க்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாம் தலைகீழ்.

நேரத்தையும் பாருங்கள். பக்கத்தின் தலையில் ஜிஎம்டி அல்லது யுடிசி என்றிருந்தால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அங்கே 00 என்பது நமக்குக் காலை 5.30.

கணவாயைக் கணக்கில் சேர்ப்பது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நம் பக்கத்தில் முன்கணிப்பு தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

இலவசத் தளங்களில் அதிகம் வருவது அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணிப்பு. அது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 2015 முதல் அதன் எண்கள் கால் டிகிரிக் கட்டங்களில் கிடைக்கின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். அதற்கு முன் அரை டிகிரி, அதாவது இரு மடங்கு. பொதிகையில் அகத்தியர் மலை 1,868 மீட்டர். கணினிக்குள் அது பக்கத்துச் சமவெளியோடு சேர்ந்து தேய்ந்து, தாழ்ந்த மேடாகிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் சில கிலோமீட்டர் அகலமே உள்ள வாசல். அந்தக் கட்டத்துக்குள் வாசல் என்று ஒன்று தெரியவே தெரியாது.

தென்மேற்குக் காற்று மலையில் முட்டி, அந்த வாசல் வழியே நெருக்கிக்கொண்டு வெளியே வரும்போது வேகம் கூடுகிறது. முப்பந்தலில் தொடங்கி காவல்கிணறு, பணகுடி, பழவூர், ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்களுக்கு போன் காட்டும் வேகத்தைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைக் கணவாய்க்கு நேரே இருக்கும் தென்காசி, சுரண்டை, கடையநல்லூர்ப் பக்கமும் இதே கதை. இரண்டு வாசலுக்கும் நடுவே மலையின் மறைவில் கிடக்கும் பாபநாசம், அம்பாசமுத்திரத்தில் நேர்மாறு: போன் காட்டும் அளவு காற்று பல நாள் தரையில் இருக்காது.

எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்பதற்குப் பொது எண் கிடையாது. உங்கள் இடத்துக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நோட்டில் இரண்டு வாரம் முன்கணிப்பை ஒரு பத்தியிலும், அதே நேரம் கண்ணால் பார்த்ததை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். கருவி வேண்டாம். சின்ன மரங்கள் முழுதாக ஆடினால் 29-லிருந்து 38 கிலோமீட்டர். பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிக்கப் பாடுபட்டால் 39-லிருந்து 49. சுள்ளிகள் முறிந்து விழுந்தால் 62-க்கு மேல். போன் 20 கிலோமீட்டர் என்று சொன்ன நாளெல்லாம் குடை நிற்கவில்லை என்றால், உங்கள் இடத்துக்கு இரண்டு மடங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். கச்சானுக்கு ஒரு கணக்கு, வாடைக்கு வேறு கணக்கு வரும். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

களக்காடு, ஏர்வாடி வாழைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் திடீர்க் காற்றை இந்த எண்களில் தேடாதீர்கள். சில கிலோமீட்டர் அகலத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துபோகும் காற்று அது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண் என்ற அட்டவணையில் அகப்படாது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதை போனைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.

எத்தனை மணிக்குப் பார்ப்பது

ஜிஎஃப்எஸ் நாளுக்கு நாலு முறை ஓடுகிறது: நம் நேரப்படி காலை 5.30, பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. கணக்கு முடிந்து தளத்துக்கு வர நாலைந்து மணி நேரம் ஆகும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் பகல் 11.30-இன் கணிப்புதான் கிடைக்கும். இரவு பத்தரைக்கு மேல் பார்த்தால் மாலை 5.30-இன் புதுக் கணிப்பு வந்திருக்கும். ஒரே நாளில் இரண்டு கணிப்புகள் பெரிதாக மாறினால் இரண்டையும் நம்பாமல் அடுத்ததற்குக் காத்திருங்கள்.

எண் எப்படி இருந்தாலும் மீனவர் எச்சரிக்கைதான் மேல். அதில் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்ற பாணியில் வரும். கூட்டப்புளி, இடிந்தகரை, உவரிக்காரர்கள் "குமரிக்கடல்", "மன்னார் வளைகுடா" இரண்டு பெயரையும் தேட வேண்டும். கள்ளக்கடல் எச்சரிக்கை தனி. கரையில் காற்றே இல்லாத நாளிலும் அலை ஏறும். அதை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) கொடுக்கிறது. கரை தாண்டியபின் போனை நம்ப முடியாது: ஜிஎஸ்எம் டவரின் வழக்கமான எல்லையே 35 கிலோமீட்டர், நடைமுறையில் அதற்கு முன்பே அறுந்துவிடும்.

இணையம் இல்லாத போனுக்கு

கிசான் கால் சென்டர் 1800 180 1551. கட்டணமில்லை, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழில் பேசலாம். வட்டாரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருவதால், அதற்கு மறுநாள் கேட்பது நல்லது. வானிலைச் செய்தியைப் பதிந்து எஸ்எம்எஸ்ஸில் பெறுவதானால், தமிழ் என்றால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலம் என்றால் 160. தமிழ் எழுத்து இல்லாத போனுக்குக் கட்டங்கள் மட்டுமே வரும். பதியும்போதே ஆங்கிலம் கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்எம் உள்ள போனில் இயர்போனைச் சொருகினால்தான் ரேடியோ எடுக்கும். அந்த வயர்தான் ஏரியல். பணகுடி, கூடங்குளம் பக்கம் நாகர்கோவிலின் 101-ஐத் தேடிப் பாருங்கள்.

வழக்கமாக வரும் மக்கர்

ஜி எழுத்து இருந்தும் ஓபரா "கனெக்ஷன் ஃபெயில்டு" சொன்னால், செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் புரோட்டோகாலை சாக்கெட்டிலிருந்து எச்டிடிபிக்கு மாற்றுங்கள். "சர்டிபிகேட்" பற்றிப் புகார் வந்தால் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல போன்களில் தேதி பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். நேற்றைய எண்ணே திரும்பத் திரும்ப வந்தால் அது சேமித்து வைத்த பழைய பக்கம். "ரீலோட்" கொடுத்து, மேலே கணிப்பு ஓடிய நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.