பெரிய திரை போன் வாங்கும் முன் கடையில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பெட்டியின் மேல் 6.7 இன்ச் என்று போட்டிருப்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள நீளம். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் எட்டுமா, பேன்ட் பையில் அடங்குமா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது போனின் அகலம். 16:9 என்ற உயர அகல விகிதத்தில் வந்த பழைய 5.5 இன்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 68.5 மி.மீ. இப்போதைய 20:9 விகிதத்தில் 6.7 இன்ச் திரையின் அகலம் சுமார் 70 மி.மீ. தான். வளர்ந்தது உயரம்: 122 மி.மீ. இருந்தது 155 ஆகிவிட்டது. 2011-ல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட்டின் திரை வெறும் 5.3 இன்ச், ஆனால் போனின் அகலம் 83 மி.மீ. இன்று அதைவிடப் பெரிய திரையுள்ள போன்கள் அதைவிடக் கைக்கு அடக்கமாக இருக்கின்றன.

எனவே விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியவை அகலமும் எடையும். 74 மி.மீ. வரை பெரும்பாலான கைகளுக்குச் சிரமமில்லை. 75 முதல் 77 வரை பழகிக்கொள்ளலாம். 78-ஐத் தாண்டினால் அது இரண்டு கை போன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ் 76.7 மி.மீ., 221 கிராம். கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 79 மி.மீ., 232 கிராம். இந்த இரண்டு மி.மீ. வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், கையில் அப்படித் தெரியாது. பேக் கவர் போட்டால் அகலத்தில் இன்னும் இரண்டு மூன்று மி.மீ. கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாங்க நினைக்கும் போனின் நீள அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி, வீட்டிலேயே பையில் வைத்து உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம். செலவில்லாத சோதனை இது.

கடைக்குப் போகும்போது உங்கள் பழைய போன், உங்கள் சிம், ஒரு துடைக்கும் துணி மூன்றும் கையோடு இருக்கட்டும். போவது மதிய வெயில் நேரமாக இருந்தால் நல்லது. ஏன் என்பது கீழே வரும்.

கையில் எடுத்தவுடன்

டெமோ பீஸின் பின்னால் திருட்டுத் தடுப்பு ஒயரும் பிடிப்பானும் ஒட்டியிருக்கும். அது எடையையும் பிடியையும் மாற்றிவிடும். அதைக் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கழற்றித் தராவிட்டால் எடையைப் பற்றி அங்கே எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

வழக்கமாகப் பிடிப்பதுபோல ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்குக் கோடு இழுங்கள். மேலே எட்டாது, அது எதிர்பார்த்ததுதான். பக்கவாட்டில் எதிர் விளிம்பு வரை, பிடியை நகர்த்தாமல், விரல் போகிறதா என்று பாருங்கள். போனை நழுவவிட்டு மறுபடி பிடிக்க வேண்டியிருந்தால் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பயன்படுத்த முடியாது. தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்கள் இதை இரட்டைக் கவனத்தோடு செய்ய வேண்டும். உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருப்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் திரையின் முழு அகலத்தையும் கடக்கிறது.

அடுத்து, வீட்டில் படுத்துக்கொண்டு படிப்பதுபோல போனை முகத்துக்கு மேலே இரண்டு நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். கேமரா மேடு பெரிதாக உள்ள போன்களில் எடை மேல்பக்கம் குவிந்திருக்கும். மொத்த எடை குறைவாக இருந்தாலும் சுண்டுவிரலும் மணிக்கட்டும் சீக்கிரம் வலிக்கும். மேசையில் மல்லாக்க வைத்துத் தட்டச்சு செய்தால் ஆடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

விளிம்பு வளைந்த திரை பார்க்க அழகாக இருக்கும். நடைமுறையில் மூன்று தொல்லைகள் அதில் உண்டு: உள்ளங்கையின் சதை விளிம்பில் பட்டுத் தானாகத் தொடுகை விழும், சாதாரண டெம்பர்டு கிளாஸ் ஓரங்களில் ஒட்டாது, கீழே விழும்போது அடி வாங்குவது கண்ணாடியின் ஓரம். பெரிய திரையில் தட்டையான விளிம்பே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

திரையை வெயிலிலும் இருட்டிலும்

விளம்பரத்தில் 2000 நிட்ஸ், 3000 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) என்று வருவது உச்ச வெளிச்சம். திரையின் மிகச் சிறிய பகுதி மட்டும், எச்டிஆர் (வெளிச்ச இருள் வேறுபாடு அதிகமுள்ள) வீடியோ ஓடும்போது தொடும் அளவு அது. முழுத் திரையும் வெள்ளையாக ஒரு வரைபடத்தையோ செய்தியையோ காட்டும்போது கிடைப்பது அதைவிட வெகு குறைவு. உங்களுக்கு வேண்டியது ஹை பிரைட்னஸ் மோட் என்ற பெயரில் கொடுக்கப்படும் எண். பல போன்களில் அந்த நிலை ஆட்டோ பிரைட்னஸ் போட்டிருந்தால் மட்டுமே இயங்கும். கையால் முழுவதும் ஏற்றினால் வராது. அதனால் ஆட்டோவை இயக்கிவிட்டுக் கடை வாசலுக்கு வெயிலில் எடுத்துச் சென்று கூகுள் மேப்ஸைத் திறந்து தெருப் பெயர்களைப் படியுங்கள். கூலிங் கிளாஸ் போட்டு வண்டி ஓட்டுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே போனை நேராகவும் படுக்கையாகவும் திருப்பிப் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி என்றால் சில திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுவிடும்.

இருட்டுச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. அமோலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரைகள் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, உங்கள் பழைய போனின் கேமராவில் ப்ரோ மோட் திறந்து, ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்து அந்தத் திரையைப் பாருங்கள். அகலமான கறுப்புப் பட்டைகள் ஓடினால் மினுக்கல் மெதுவானது, ஆழமானது. இரவில் நெடுநேரம் படித்தால் கண் வலியோ தலைவலியோ வரும் இயல்புள்ளவர்கள் அந்த போனைத் தவிர்ப்பது நல்லது. பட்டைகள் மெல்லியதாக, மங்கலாக இருந்தால் கவலை குறைவு. சில போன்களின் அமைப்பில் டிசி டிம்மிங் (அணைந்து எரியாமல் வெளிச்சத்தைக் குறைப்பது) அல்லது மினுக்கல் குறைப்பு என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிட்டு மறுபடி சோதிக்கலாம்.

இனி எழுத்துத் தெளிவு. 6.7 இன்ச் திரையில் 1080 × 2400 புள்ளிகள் இருந்தால் ஒரு அங்குலத்துக்கு 393 புள்ளி. 720 × 1600 என்றால் 262 மட்டுமே. ஆங்கிலத்துக்கு 262 ஒப்பேறும். தமிழுக்கு ஒப்பேறாது. சி, சீ இரண்டின் சுழியும், ந், ன் மேலுள்ள புள்ளியும், ணை, ஞூ போன்ற சுருள்களும் சிறிய எழுத்தில் குழம்பிவிடும். பெரும்பாலான அமோலெட்டில் சிவப்பு, நீலத் துணைப்புள்ளிகள் பச்சையைவிட எண்ணிக்கையில் பாதி என்பதால் அதே எண்ணிலும் எழுத்தோரம் இன்னும் சற்று மங்கும். ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, எழுத்து அளவை மிகச் சிறியதாக்கி, ஒரு பத்தி முழுவதும் படியுங்கள். விலை குறைவு என்பதற்காக இந்த அளவுத் திரையில் 720-ஐ வாங்க வேண்டாம்.

120 ஹெர்ட்ஸ் என்றால் திரை 8.3 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 60-ல் அது 16.7. டச் சாம்பிளிங் ரேட் என்று 240, 360 என்று போட்டிருப்பது வேறு: விரலை ஒரு நொடியில் எத்தனை முறை தேடுகிறது என்பது. கடைக்காரர் இரண்டையும் கலந்து சொல்லக்கூடும், கவனம்.

தொடுதிரையைச் சோதிப்பது

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் அபௌட் போன் சென்று பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சில போன்களில் இது இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும். அங்கே பாயின்டர் லொகேஷனை இயக்கினால், விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழும். மேலிருந்து கீழாக நெருக்கமான கோடுகள், பிறகு குறுக்கே கோடுகள், முடிவில் நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒரு சுற்று. கோடு ஓரிடத்தில் அறுந்தால் அங்கே தொடுகை வேலை செய்யவில்லை. நேராக இழுத்த கோடு நடுங்கினால் சென்சாரில் இரைச்சல் இருக்கிறது. அதே இடத்தில் ஷோ ரெஃப்ரெஷ் ரேட் என்ற தேர்வும் இருக்கும். அதை இயக்கி நீங்கள் தினமும் பயன்படுத்தும் செயலிகளைத் திறந்தால், எது 120-ல் ஓடுகிறது, எது 60-க்கு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

சாம்சங்கில் டயலரில் *#0*# அடித்தால் நிறங்கள், தொடுதிரை, சென்சார், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்குமான சோதனைப் பக்கம் வரும். ஷாவ்மி போன்களில் *#*#6484#*#*. டெமோ பீஸில் இவை பூட்டப்பட்டிருந்தால், நீங்கள் வாங்கும் செட்டின் பெட்டியைப் பிரித்ததும் கடையை விட்டுக் கிளம்பும் முன் செய்யுங்கள். டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவது அதற்குப் பிறகுதான்.

விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். மின்தேக்க முறையில் இயங்கும் திரை என்பதால் நீர்த்துளியும் விரலைப்போலவே தெரியும். மழையிலும் வியர்வையிலும் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பது போனுக்குப் போன் மாறும். சார்ஜ் போடும்போது மட்டும் தொடுகை தாறுமாறாகத் துள்ளினால் திரையைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்களின் மின் இரைச்சல் திரை வரை வந்துவிடும்.

திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் அல்ட்ராசோனிக் (ஒலி அலையால் ரேகையை அறியும்) வகையா ஆப்டிகல் (ஒளியால் அறியும்) வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடித்த டெம்பர்டு கிளாஸுக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் அல்ட்ராசோனிக் தடுமாறும். கிளாஸ் ஒட்டிய பிறகு பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்தால் இரு வகையிலுமே பிழை குறையும்.

பேசிப் பார்ப்பது

உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்யுங்கள். விளிம்பைக் குறைப்பதற்காகப் பல போன்களில் தனி ப்ராக்ஸிமிட்டி சென்சாரை எடுத்துவிட்டு, மென்பொருளால் காதின் நெருக்கத்தைக் கணிக்கிறார்கள். அது தவறினால் பேச்சின் நடுவே கன்னம் பட்டு மியூட் விழும், அழைப்பு துண்டிக்கும். காதில் வைப்பது, எடுப்பது, தோளில் இடுக்குவது என்று பத்து முறை செய்து, திரை ஒவ்வொரு முறையும் அணைகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையாகப் பிடித்துப் படம் பார்க்கும்போது உள்ளங்கை ஸ்பீக்கர் ஓட்டையை அடைத்தால் பெரிய திரையின் பாதிப் பயன் போயிற்று. இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஒன்றாவது தப்பும்.

விவரப் பட்டியலில் பதுங்கியிருப்பவை

8+8 ஜிபி என்பதில் இரண்டாவது 8, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அதை ரேம் கணக்கில் சேர்க்காதீர்கள். சேமிப்பு இஎம்எம்சி (பழைய, மெதுவான) வகையா யுஎஃப்எஸ் (புதிய, வேகமான) வகையா என்பது அதைவிட முக்கியம். இஎம்எம்சியால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது, அதனால் பின்னணியில் செயலிகள் அப்டேட் ஆகும்போது போன் திணறும். ஓடிடி படங்கள் எச்டியில் தெரிய வைட்வைன் எல்1 (படங்கள் நகலெடுக்கப்படுவதைத் தடுக்கும் பாதுகாப்பு நிலை) வேண்டும். இல்லையென்றால் பல சேவைகள் 480பி-யிலேயே நின்றுவிடும். இந்தியாவில் 5ஜிக்கு என்78, ஜியோ பயன்படுத்துபவர்களுக்கு அதோடு என்28 அலைவரிசைப் பட்டைகளும் இருக்க வேண்டும். தூசி, நீர்ப் பாதுகாப்பைச் சொல்லும் ஐபி எண்களில் ஐபி54 என்பது தூறலுக்கும் தெறிப்புக்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் நன்னீரில் 30 நிமிடம். கடல்நீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் எந்த எண்ணும் பொருந்தாது.

பெரிய திரையின் பெரிய செலவு உடைந்த பிறகுதான் வருகிறது. அந்த மாடலின் டிஸ்ப்ளே காம்போ (திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த பாகம்) என்ன விலை என்று அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் முன்னரே விசாரியுங்கள். வளைந்த அமோலெட் என்றால் போன் விலையில் கணிசமான பங்கைக் கேட்பார்கள். சில அமோலெட் திரைகளில் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று பச்சைக் கோடு விழுவது தெரிந்த கோளாறு. வாரன்டி அதற்குப் பொருந்துமா, எத்தனை மாதம் என்பதையும் கேளுங்கள்.

பணம் கட்டும் முன் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ (போனின் தனி அடையாள) எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் திரும்பி வரும். பில்லிலும் அதே எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள். வாரன்டிக்குப் போகும்போது சர்வீஸ் சென்டரில் முதலில் ஒத்துப்பார்ப்பது அந்த எண்ணைத்தான்.