பாலில் பெருகும் பாக்டீரியாவை மின்னணு மூக்கால் அளப்பது எப்படி?

மின்னணு மூக்கு பாக்டீரியாவை எண்ணுவதில்லை. அவை பெருகும்போது வெளிவிடும் ஆவிகளையே அளக்கிறது. குளிர்விக்காத பாலில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும்போது எத்தனால், அசிட்டால்டிஹைடு, அசிட்டிக் அமிலம் போன்றவை உண்டாகின்றன. மணத்துக்கு ஓர் உணரி (சென்சார்) என்று வைக்காமல், பல மணங்களை ஓரளவு உணரும் சில உணரிகளைச் சேர்த்து அவற்றின் மொத்தப் போக்கைப் படிக்கும் வழியை 1982-இல் வார்விக் பல்கலைக்கழகத்தின் பெர்சாடும் டாடும் காட்டினார்கள். காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றும் நம் கொங்குப் பகுதியில் பயில்வதற்குப் பாலைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

முதலில் எம்.க்யூ 3, எம்.க்யூ 135, எம்.க்யூ 138 ஆகிய மூன்று ஆவி உணரிகளையும், அவற்றின் வோல்ட்டைப் படிக்கும் சிறு கணினிப் பலகையான ஓர் ஆர்டுயினோ ஊனோவையும் வாங்குங்கள். ஒவ்வோர் உணரியின் சூடேற்றிக்கும் ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் தேவை என்பதால், தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்து, அதன் எதிர்மின் முனையைப் பலகையின் எதிர்மின் முனையோடு (GND) இணைக்க வேண்டும். புதிய உணரிகளைக் குறைந்தது 24 மணி நேரம் சூடேற்றிய பிறகே அளவு எடுங்கள்.

அடுத்து, தூய காற்றில் அடிப்படை அளவை எடுக்க வேண்டும். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியிலிருந்து செய்யப்படும் ஆக்டிவேட்டட் கார்பனைக் குழாயில் நிரப்பி, சிறு பம்பால் அதன் வழியே காற்றை உணரிகளுக்குச் செலுத்துங்கள். அடுப்புக்கரி இதற்கு உதவாது. உணரியின் மின்தடை என்பது, 5 வோல்ட்டிலிருந்து பலகை படித்த வோல்ட்டைக் கழித்து, படித்த வோல்ட்டால் வகுத்து, சுமை மின்தடையால் (உணரியோடு தொடராக இணைந்த நிலையான மின்தடை) பெருக்கினால் கிடைப்பதாகும். பால் ஆவியில் கிடைக்கும் மின்தடையைத் தூய காற்றின் மின்தடையால் வகுத்து, அந்த விகிதத்தையே குறித்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில் அடிப்படை அளவு நகரும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கு முன்பும் அதைப் புதிதாக எடுப்பது கட்டாயம். சாம்பிராணிப் புகை, சானிடைசர், கோழிப்பண்ணை அம்மோனியா ஆகியவையும் அளவைக் கெடுக்கும்.

பிறகு, 250 மில்லி கண்ணாடிப் புட்டியில் 50 மில்லி பாலை மூடி, 35 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 20 நிமிடம் வைத்து, பாலுக்கு மேலே நிற்கும் காற்றை மட்டும் உணரிகளுக்கு இழுங்கள். வெப்பம், அளவு, நேரம் மூன்றும் எல்லா மாதிரிகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இனி வருவதுதான் வேலையின் உயிர்நாடி. ஒரே கறவையின் பாலைப் பல புட்டிகளில் ஊற்றி 30 டிகிரியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புட்டியை எடுத்து, பாதியை மூக்குக்கும் பாதியைப் பனிப்பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்கும் கொடுங்கள். அங்கே பத்துப் பத்து மடங்காக நீர்த்து, அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் வளர்த்து, 30 முதல் 300 வரை பாக்டீரியாத் திட்டுகள் உள்ள தட்டை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையின் மடக்கையை (log) உங்கள் விகிதத்துக்கு எதிரே வரைபடமாக்கினால் அளவுக்கோடு கிடைக்கும். தொடக்க மணிகளில் கோடு ஏறக்குறைய தட்டையாக இருக்கும். பாக்டீரியா மிகுதியாகப் பெருகிய பிறகே மணம் மாறத் தொடங்குகிறது என்பதே காரணம். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் உள்ள நோய்க்கிருமிகளை இக்கருவி காட்டாது. அதன் அளவை நம்பிக் காய்ச்சாத பாலைக் குடிக்கக் கூடாது. மாட்டின் தீவனம் மாறினாலும் பால் மணம் மாறும் என்பதால், வேறு பண்ணைப் பாலுக்கு அளவுக்கோட்டைப் புதிதாகவே வரைய வேண்டும்.